கனவிலும் விழித்திருந்த யோகி

நாற்பதாம் வயதில் இரவுக்குக் கணக்கு எழுதிய ஸ்ரீ அரவிந்தர்

வந்தவாசி என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று கோரைப் பாய். மற்றொன்று கோட்டைச் சண்டை. பாய் உறங்குவதற்கு, சண்டையோ ஊரையே உறங்கவிடாமல் அடித்த ஒன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இவ்விரண்டும் ஒரு மாமனிதரின் வாழ்க்கைக் கதையில் வந்து கூடுகின்றன.

1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதினர். பிரெஞ்சுப் படை தோற்றது. லாலியுடன் இருந்த தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. இந்தியாவில் ஒரு பிரெஞ்சு சாம்ராஜ்யம் அமைக்கலாம் என்ற கனவு அத்துடன் கலைந்தது. பிற்பாடு பாரிஸ் உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் ஆங்கிலேய ஆட்சி என்னும் கடலுக்கு நடுவே ஒரு சிறு தீவு போலத்தான் அது எஞ்சி நின்றது.

அந்தச் சிறு தீவுதான் 150 ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலேய சர்க்கார் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்குப் புகலிடமாயிற்று. வந்தவாசியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்றால் சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் அவர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்தான் ஸ்ரீ அரவிந்தர்.

தேசபக்தர், கவிஞர், தத்துவ ஞானி என்று அவரை உலகம் அறியும். ஆனால் அவர் தம் உறக்கத்துக்கும் கனவுகளுக்கும் ஒரு வியாபாரி பேரேடு எழுதுவதைப் போலக் கணக்கு எழுதி வைத்தார் என்பது பலருக்குத் தெரியாது. கனவு காணும்போதே இது கனவு என்று அறிய முடியுமா? உடல் உறங்கும்போது உள்ளம் விழித்திருக்க முடியுமா? அதைப் பிள்ளைப் பிராயத்தில்தான் பழக வேண்டுமா, நரை எட்டிப்பார்க்கும் வயதிலும் பழகலாமா? இக்கேள்விகளுக்குப் புத்தகத்தில் விடை தேடாமல், தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு விடை கண்டவர் அவர்.

தந்தையின் ஆசை

அரவிந்தர் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணதன கோஷ் பெயர் பெற்ற டாக்டர். தம் பிள்ளைகள் அசல் ஆங்கிலேயர்களாகவே வளர வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டில் வங்காளி பேசுவதைக்கூட அவர் விரும்பவில்லை. ஐந்து வயதுப் பாலகனை டார்ஜிலிங்கிலுள்ள கன்னிமார் பள்ளிக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு நாள் சிறுவன் படுத்திருந்தபோது, பெரும் இருள் ஒன்று பாய்ந்து வந்து தன்னைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டான். கனவா, நனவா என்று சொல்ல முடியாத அனுபவம் அது. இங்கிலாந்தில் இருந்த காலமெல்லாம் அந்த இருளின் சுமை தம்மோடு இருந்ததாகவும், இந்தியா திரும்பியதும் அது நீங்கியதாகவும் பிற்காலத்தில் அரவிந்தர் நினைவுகூர்ந்தார்.

1879-ஆம் ஆண்டு ஏழு வயதில் அவர் இங்கிலாந்து சென்றார். லண்டனில் செயின்ட் பால் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். கிரேக்கமும் லத்தீனும் அவருக்குக் கைவந்த பாஷைகள். தந்தையிடமிருந்து பணம் ஒழுங்காக வராததால், ஓராண்டுக் காலம் ரொட்டியும் தேநீருமே பெரும்பாலும் ஆகாரமாக நாட்களைக் கழித்ததும் உண்டு. ஐ. சி. எஸ். பரீட்சையில் தேறினார். ஆனால் குதிரை ஏற்றச் சோதனைக்குப் போகாமல் இருந்து, அந்தப் பெரிய உத்தியோகத்தை நழுவவிட்டார்.

1893-ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பிய அரவிந்தருக்குத் தாய்மொழியே சரியாகத் தெரியாது. இருபது வயதைக் கடந்தபின் பரோடாவில் உட்கார்ந்து வங்காளியும் சமஸ்கிருதமும் கற்றார். காலம் கடந்துவிட்டது என்ற எண்ணம் அவரிடம் எந்த வயதிலும் இருந்ததில்லை. பின்னால் நடந்த அனைத்துக்கும் இந்தக் குணமே அஸ்திவாரம்.

பரோடாப் பாய்

பரோடா சமஸ்தானத்தில் அவர் அதிகாரியாகவும் கல்லூரிப் பேராசிரியராகவும் பணியாற்றினார். நல்ல சம்பளம், மகாராஜாவின் மதிப்பு. ஆனால் அவர் படுத்ததோ ஓர் இரும்புக் கட்டிலில். தென்னை நார்ப் படுக்கை. அதன் மீது புல்லால் நெய்த பாய். குளிர்காலத்திலும் அந்தப் பாய்தான். நடுநிசி தாண்டும் வரை விளக்கடியில் படிப்பார். கொசுக்கடி அவருக்குத் தெரியாது.

1904-ஆம் ஆண்டு, தமது 32-ஆம் வயதில் அவர் பிராணாயாமம் பழகத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் பயிற்சி. அந்நாளில் அவர் நோக்கம் மோட்சமன்று; நாட்டு விடுதலைக்கு வேண்டிய பலத்தைத் தேடியே யோகத்தில் இறங்கினார்.

1905-இல் வங்கப் பிரிவினை வந்தது. அரவிந்தர் கல்கத்தா சென்று வந்தே மாதரம் பத்திரிகையில் எழுதினார். அவர் பேனா ஆங்கிலேய சர்க்காரைக் கலங்கடித்தது. சூரத் காங்கிரஸில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்த சில நாட்களில், 1908-ஆம் ஆண்டு ஜனவரியில், பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற மராட்டிய யோகியைச் சந்தித்தார். ஒரு மாடி அறையில் மூன்று நாட்கள் இருவரும் அமர்ந்தனர். எண்ணங்கள் உள்ளே நுழைவதைப் பார்த்து, நுழையுமுன் தள்ளிவிடும்படி லேலே வழி காட்டினார். அரவிந்தரின் மனம் அசைவற்று நின்றது. எண்ணம் வேறு, அதைப் பார்க்கிறவர் வேறு என்ற அனுபவம் அன்று அவருக்குக் கிட்டியது.

பகலில் எண்ணத்தைப் பார்க்கப் பழகியவனுக்கே இரவில் கனவைப் பார்க்கும் வழி திறக்கும். அரவிந்தருக்கு முதற் கதவு அங்கே திறந்தது என்று கூறலாம்.

சிறையில் இரண்டு கம்பளிகள்

1908-ஆம் ஆண்டு மே மாதம் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அவர் கைதானார். ஒன்பது அடி நீளமும் ஐந்தாறு அடி அகலமும் உள்ள தனிக் கொட்டடி. முரட்டுக் கம்பளி இரண்டு கொடுத்தார்கள். ஒன்றை விரித்து மற்றொன்றை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். மழை பெய்தால் அறைக்குள் தண்ணீர் வந்துவிடும். தரை காயும் வரை உறக்கமில்லை.

அந்தச் சிறையில் அவர் யோகத்தில் முழு மூச்சாக இறங்கினார். சுமார் பத்து நாட்கள் உண்ணாமல் இருந்தார். மூன்று நாளைக்கு ஒரு முறையே உறங்கிப் பார்த்தார். உடல் எடை குறைந்தது. உறக்கத்தை வெல்வது என்றால் உறங்காமல் இருப்பது என்ற வழியையும் அவர் சோதித்துப் பார்த்துவிட்டார் என்பதற்காகவே இது இங்கே குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் அவர் மற்றவர்களுக்குக் காட்டிய வழி இதற்கு நேர்மாறானது.

சித்தரஞ்சன் தாஸ் வாதாடினார். ஓராண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 1909-ஆம் ஆண்டு மே மாதம் அரவிந்தர் விடுதலையானார். ஆனால் சர்க்கார் அவரை விடுவதாக இல்லை. 1910 பிப்ரவரியில் பிரெஞ்சு சந்திரநாகூருக்குச் சென்று மறைந்தார். அங்கிருந்து கல்கத்தா வந்து கப்பலேறி, ஏப்ரல் 4-ஆம் தேதி புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கினார். அந்தக் கப்பலின் பெயர் டூப்ளே! எந்தப் பிரெஞ்சு கவர்னர் இந்தியாவில் சாம்ராஜ்யம் காணக் கனவு கண்டாரோ அவர் பெயர்!

ஆளுக்கு ஒரு பாய்

புதுவையில் முதலில் கலவை சங்கர செட்டியார் வீட்டு மாடியில் ஆறு மாதம் மறைந்திருந்தார். அங்கே 23 நாட்கள் உபவாசம் இருந்தார். உபவாசத்தின்போதும் நாள்தோறும் மணிக்கணக்கில் அறைக்குள் உலாவுவதை நிறுத்தவில்லை.

அதன்பின் வாடகை வீடுகள். கூட நாலைந்து வங்காள வாலிபர்கள். கையில் காசில்லாத காலம் அது. வாலிபர்களுக்கு ஆளுக்கு ஒரு பாய்தான் சொத்து. கட்டிலும் அதுதான், மெத்தையும் அதுதான், போர்வையும் தலையணையும் அதுதான். அரவிந்தருக்கு மட்டும் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மடக்குக் கட்டில். இரவில் அவருக்கென்று ஒரு மெழுகுவத்தி. வெளியே வாசலில் ஆங்கிலேய சர்க்காரின் உளவாளிகள் இரவும் பகலும் காவல்.

மாலை வேளைகளில் மகாகவி பாரதியார் வருவார், வ. வே. சு. ஐயர் வருவார். பேச்சும் சிரிப்பும் வீட்டை நிறைக்கும். பாரதியாரின் துணையோடு அரவிந்தர் தமிழ் கற்றார். ஆழ்வார் பாசுரங்கள் சிலவற்றை ஆங்கிலமாக்கினார். தாம் நடத்திய ஆர்யா பத்திரிகையில் 1915-ஆம் ஆண்டு அவர் வெளியிட்டவற்றுள் ஆண்டாள் தன் திருமணத்தைக் கனவில் கண்டு தோழிக்குச் சொல்லும் பாசுரமும் ஒன்று. கனவு என்ற பொருள் தமிழுக்குப் புதிதல்ல. திருக்குறளில் கனவுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதை இருக்கிறது. நனவு, கனவு, உறக்கம், அவற்றுக்கு அப்பாலுள்ள துரியம் என்று படிப்படியாக வகுத்துச் சொன்ன மரபு இது. அரவிந்தர் அந்த மரபைப் படித்ததோடு நிற்கவில்லை. அதை இரவுதோறும் தம் படுக்கையில் சோதித்தார்.

இரவுக் கணக்கு

1909 முதல் 1927 வரை அவர் தம் யோகப் பயிற்சிக்கு ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அதில் பெரும்பகுதி 1912-க்கும் 1920-க்கும் இடையில், அதாவது அவருடைய 40 வயதுக்கும் 48 வயதுக்கும் இடையில் எழுதப்பட்டது. சாதாரண நோட்டுப் புத்தகங்களில், சமஸ்கிருதச் சொற்களும் சுருக்கெழுத்துக் குறிகளும் கலந்த ஆங்கிலத்தில், தமக்காக மட்டும் எழுதியது. அவர் வாழ்ந்த காலத்தில் அது அச்சேறவில்லை. அவர் மறைந்து ஐம்பது ஆண்டு கழித்து, 2001-ஆம் ஆண்டில், அவருடைய நூல் தொகுதியில் இரண்டு பெரிய புத்தகங்களாக வெளிவந்தது.

பயிற்சியை அவர் ஏழு பிரிவாகவும் பிரிவுக்கு நான்கு அங்கமாகவும் வகுத்திருந்தார். அந்த 28 அங்கங்களில் ஒன்று சமாதி. விழிப்பிலும், கனவிலும், ஆழ்ந்த உறக்கத்திலும் அறிவு தெளிவாக நிற்பதே அதன் பொருள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் உறங்கினார், கனவுகள் கோவையாக வந்தனவா சிதறி வந்தனவா, கண்ட காட்சி நிலைத்து நின்றதா உடனே மறைந்ததா என்றெல்லாம் குறித்தார். கனவில் தோன்றும் எழுத்துக்களைப் படிக்க முடிந்ததா என்பதைக்கூட அவர் விடவில்லை.

இரு வழிகளில் அவர் முயன்றார். ஒன்று, உறங்கியபின் வரும் சாதாரணக் கனவுக்குள் தெளிவைக் கொண்டுவருவது. மற்றொன்று, விழித்திருக்கும்போதே மனத்தை உள்ளே திருப்பி, உறக்கத்தின் வாசற்படியில் அறிவு மங்காமல் நிற்பது. இரண்டாவது வழியில் அவருக்குப் பெரிய எதிரி யார் தெரியுமா? சாட்சாத் தூக்கமேதான்! காட்சி தெளிவாக வரும் சமயம் பார்த்துத் தூக்கம் வந்து மூடிவிடும். அவ்வளவு பெரிய யோகியும் உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போனதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இதுதான் அந்த நாட்குறிப்பின் பெருமை. வெற்றிகளை மட்டும் வரிசையாக அடுக்கிய புத்தகமல்ல அது. இன்று ஒரு படி ஏறியிருப்பார். நாளை இரண்டு படி சறுக்கியிருப்பார். நிலைத்துவிட்டது என்று ஒரு நாள் எழுதியது, சில நாட்களில் காணாமற் போயிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். ஆண்டுக் கணக்கில் இது நடந்தது. நாற்பது வயதுக்குமேல் ஒரு வித்தையைத் தொடங்குகிறவர்களுக்கு வெற்றிக் கதைகளைவிட இந்தச் சறுக்கல் கணக்குதான் அதிக தைரியம் கொடுக்கும்.

கடல் கடந்த கூட்டாளிகள்

விந்தை என்னவென்றால், அதே ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் நடுவயதுக்காரர் ஒருவர் இதே காரியத்தில் ஈடுபட்டிருந்தார். அவர் ஹாலந்து தேசத்து மனநல மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடெரிக் வான் ஈடன். 1860-இல் பிறந்தவர். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பின்னரே கனவுகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். 1898-க்கும் 1912-க்கும் இடையில் 352 முறை கனவுக்குள்ளேயே இது கனவு என்று அறிந்திருந்ததாக அவருடைய கணக்கு கூறுகிறது. 1913-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு சங்கத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். தெளிவான கனவு, அல்லது விழிப்புக் கனவு என்று சொல்லத்தக்க பெயரை மேல்நாட்டில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே.

இங்கிலாந்தில் மேரி ஆர்னால்ட்-பார்ஸ்டர் என்ற அம்மையார், பயங்கரக் கனவு வரும்போது இது கனவுதான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளப் பழகினார். அந்தப் பயிற்சியை விவரித்து அவர் எழுதிய புத்தகம் 1921-இல் வந்தபோது அவருக்கு வயது அறுபது. இளமையில்தான் இது கைகூடும் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மேல்நாட்டார் கனவை ஆராய விரும்பினர். அச்சத்திலிருந்து விடுபடவும், ஆகாயத்தில் பறந்து மகிழவும் விரும்பினர். அரவிந்தருக்குக் கனவு ஒரு வேடிக்கையல்ல. மனித வாழ்வில் மூன்றில் ஒரு பங்கு உறக்கத்தில் போகிறது. பகலெல்லாம் பாடுபட்டுச் சேர்த்த அமைதியை இரவு வந்து கொள்ளை கொண்டுபோனால் அந்தப் பாடு எதற்கு? இதுவே அவர் கவலை.

கொடுத்த விலை

இந்த ஏகாந்தத்துக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1901-இல் அவரை மணந்தபோது மிருணாளினி தேவிக்கு வயது 14. கணவர் சிறை சென்றார். பிறகு புதுவைக்குச் சென்றுவிட்டார். அந்த அம்மையார் வங்காளத்திலேயே காத்திருந்தார். 1918-ஆம் ஆண்டு டிசம்பரில், உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் கல்கத்தாவில் அவரையும் கொண்டுபோயிற்று.

நாடும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. 1920-ஆம் ஆண்டு நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகிக்கும்படி அழைப்பு வந்தது. அவர் மறுத்துவிட்டார். போர்க்களத்தை விட்டு ஓடிவந்து அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர் பதிலுக்கு வாதாடவில்லை. அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த நோட்டுப் புத்தகங்களே பதில். அங்கே ஒரு மனிதர் சும்மா இருக்கவில்லை. பகலும் இரவும் ஓயாமல் உழைத்திருக்கிறார். அந்த உழைப்பு அந்த விலைக்கு ஈடாகுமா என்பதை அவரவர் மனம்தான் சொல்ல வேண்டும்.

நள்ளிரவுக் கடிதங்கள்

1926-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதிக்குப் பின் அரவிந்தர் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். ஆசிரமப் பொறுப்பைப் பிரான்ஸில் பிறந்த அன்னை மிர்ரா ஏற்றார். கனவுகளை நினைவில் கொள்ளும் பயிற்சியில் அன்னையும் இளமை முதல் தேர்ந்தவர். 1930-க்குப் பின் சாதகர்கள் நோட்டுப் புத்தகங்களில் கேள்விகளை எழுதி அனுப்ப, அரவிந்தர் இரவு முழுவதும் உட்கார்ந்து பதில் எழுதினார். ஆயிரக்கணக்கான அக்கடிதங்களில் உறக்கத்தையும் கனவையும் பற்றியவை ஏராளம்.

கேட்டவர்களில் பலர் இல்லறத்தையும் உத்தியோகத்தையும் விட்டு நடுவயதில் வந்தவர்கள். கனவு நினைவிலேயே நிற்பதில்லை என்பார் ஒருவர். தூக்கத்தைக் குறைத்தால் சீக்கிரம் பலிக்குமா என்பார் இன்னொருவர். சிறையில் மூன்று நாளைக்கு ஒரு முறை உறங்கிப் பார்த்தவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? உறக்கத்தைக் குறைக்காதே என்பதே அவருடைய அறிவுரையின் சாரம். சாதாரணமாக ஏழெட்டு மணி நேர உறக்கம் உடலுக்குத் தேவை. குறைத்தால் உடல் சில நாள் பொறுத்துக்கொள்ளும், பிறகு நரம்புகள் தளர்ந்து வட்டியோடு திருப்பிக் கேட்கும் என்று எச்சரித்தார். உறக்கத்தை ஒழிப்பதல்ல, அதை விழிப்புள்ளதாக மாற்றுவதே காரியம் என்பது அவர் கண்ட முடிவு.

அதற்கு அவர் காட்டிய வழிகள் மிக எளியவை. படுக்குமுன் உடலைத் தளர்த்தி, மனத்தைச் சற்று அமைதிப்படுத்தி, ஒரே சங்கற்பத்தோடு உறங்கப் போக வேண்டும். விழித்ததும் சட்டென்று எழுந்துவிடக் கூடாது. அசையாமல் சற்று நேரம் கிடந்தால், கடைசியாகக் கண்ட துணுக்கு ஒன்று அகப்படும். அதைப் பிடித்துக்கொண்டு நூல்கண்டைப் பிரிப்பதைப் போலப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். உடலைப் புரட்டினால் நூல் அறுந்துவிடும்.

பயங்கரக் கனவு வந்தால் ஓட வேண்டியதில்லை. அஞ்சாமல் நின்று, நம்பும் தெய்வத்தை அழைத்தால் போதும். எல்லாக் கனவுக்கும் அர்த்தம் தேடி அலைய வேண்டியதில்லை. பல கனவுகள் பகலின் குப்பை கூளங்களே. பகலில் கவனம் வளராமல் இரவில் வளராது. ஆகையால் முதலில் விழிப்பில் விழித்திரு, அது மெள்ள மெள்ள உறக்கத்துக்குள் பரவும் என்றார். நாட்கள் செல்லலாம்; ஆண்டுகளும் செல்லலாம். அதற்காகச் சோர்வு கொள்ளலாகாது. சொன்னவர் தாமே பல ஆண்டுகள் சறுக்கி எழுந்தவர் என்பது கேட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

விஞ்ஞானம் சொன்ன சாட்சி

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1953-இல், அமெரிக்காவின் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த இரு விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டனர். உறங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்விழிகள் சில சமயம் விரைந்து அசைகின்றன. அப்போது எழுப்பினால் அவர் கனவு கண்டதாகக் கூறுகிறார். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இது திரும்ப வருகிறது. விடியலை நெருங்க நெருங்க இந்தப் பகுதி நீளுகிறது.

இங்கிலாந்தில் ஹல் நகரச் சர்வகலாசாலையில் 1975-ஆம் ஆண்டு கீத் ஹெர்ன் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். கனவுக்குள் கனவென்று அறிந்ததும், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உறங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே அசைத்தார். கருவி அதைப் பதிவு செய்தது! சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் என்பவரும் இதைத் தனியாக நிரூபித்தார். கனவில் விழிப்பு என்பது கட்டுக்கதையல்ல என்று அதன்பின் விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டது.

இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் பயிற்சி என்ன? கனவுக்கு நாட்குறிப்பு எழுது, படுக்குமுன் உறுதி செய்துகொள், விழித்ததும் அசையாதே, உறக்கத்தைக் குறைக்காதே. அரவிந்தரின் கடிதங்களில் உள்ளவையும் இவைதாம். உறக்கத்தைக் குறைக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இப்போது விளங்குகிறது. கனவு மிகுந்த பகுதி பின்னிரவில்தான் இருக்கிறது. நாலு மணி நேரத்தோடு எழுந்துவிடுகிறவர் கனவின் கருவூலத்தைத் திறக்காமலே போய்விடுகிறார்.

வயதானவர்களுக்கு இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு வசதியும் உண்டு. வயது ஏற ஏறக் கனவு நினைவில் தங்குவது குறைகிறது; இது குறை. ஆனால் பின்னிரவில் அடிக்கடி விழிப்பு வருகிறதே, அதுவே வசதி. தூக்கம் போச்சே என்று அலுத்துக்கொள்வதற்குப் பதில், அசையாமல் கிடந்து கண்ட கனவை நினைத்துப் பார்த்து, அடுத்த கனவில் விழித்திருப்பேன் என்ற உறுதியோடு மறுபடி கண்ணயர்ந்தால், இந்தப் பயிற்சிக்கு அதைவிட ஏற்ற நேரம் வேறில்லை. மனநோய்க்கு வைத்தியம் செய்துகொள்கிறவர்களும், உறக்கம் கெட்டு அவதிப்படுகிறவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஐந்து கனவுகள்

1938-ஆம் ஆண்டு நவம்பரில் அரவிந்தர் இரவில் அறையில் இடறி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அத்தோடு நள்ளிரவுக் கடிதங்கள் பெரும்பாலும் நின்றன. பார்வை மங்கிய காலத்திலும், சாவித்திரி என்னும் பெருங்காவியத்தைப் பிறர் எழுதச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி பாரதம் விடுதலை பெற்றது. அன்று அவருக்கு 75 வயது நிறைந்தது! அந்நாளுக்காக அவர் அளித்த செய்தி திருச்சி வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அதில் தம் வாழ்நாளில் கண்ட ஐந்து கனவுகளை அவர் எண்ணிச் சொன்னார். ஒன்றுபட்ட சுதந்தர பாரதம், ஆசியாவின் எழுச்சி, உலக ஒற்றுமை, பாரதத்தின் ஞானம் உலகெங்கும் பரவுதல், மனிதன் இன்னும் உயர்ந்த நிலைக்கு ஏறுதல் என்பவை அவை. நாடு பிரிந்த வேதனையையும் அவர் மறைக்கவில்லை. எது நிறைவேறியது, எது பாதியில் நிற்கிறது என்று அந்தக் கனவுகளுக்கும் பழைய பழக்கப்படி கணக்குப் பார்த்துச் சொன்னார்.

1950-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் அவர் உயிர் நீத்தார். ஆசிரம முற்றத்தில் ஒரு மரத்தின் நிழலில் அவர் சமாதி அமைந்திருக்கிறது.

தாய்மொழியை இருபது வயதுக்குமேல் கற்றார். யோகத்தை முப்பது வயதுக்குமேல் தொடங்கினார். தமிழையும் கனவுப் பயிற்சியையும் நாற்பதை ஒட்டிய வயதில் மேற்கொண்டார். மகான்களுக்கு எல்லாம் பிறவியிலேயே வாய்த்துவிடும் என்று எண்ணுவது வழக்கம். அரவிந்தரின் நோட்டுப் புத்தகங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் முந்தைய இரவின் நஷ்டத்தைக் கூசாமல் எழுதி, அன்று இரவே மறுபடி முயன்ற ஒரு மாணவரைத்தான் அவை காட்டுகின்றன.